குறி தவறாத கையும் குலையாத மனமும்

'துவக்கு' என்னும் சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுத் தாய்மாரின் முகம் வாடிவிடுகின்றது. அது நியாயமே. 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த கொடும் போரை இந்நாடு கண்டது. மலையகத்திலோ, காட்டுப்பன்றிக்கெனப் பற்றைகளுக்குள் மறைத்து வைக்கப்படும் கட்டுத்துவக்கு மனிதரின் காலைச் சிதைத்த செய்திகள் புதியனவல்ல. இந்நிலையில், "குறிபார்த்துச் சுடுதலும் ஒரு விளையாட்டுத்தானே? அதைப் பயில விரும்புகிறேன்" என்று மகனோ மகளோ வந்து நின்றால் பெற்றோர் என் செய்வது? மறுப்பதற்கும் இசைவதற்கும் முன், அவ்விளையாட்டு இன்னதென்று அறிந்துகொள்ளுதல் நலமென நாம் கருதுகின்றோம்.

அயலூரின் கதை

எல்லவில் கொழும்பு செல்லும் புகைவண்டியில் ஏறினால், பண்டாரவளையைக் கடந்ததும் வருவது தியத்தலாவை. 1900 ஆம் ஆண்டில், தென்னாபிரிக்க யுத்தத்திலே சிறைப்பட்ட போயர் வீரர்களை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து அடைத்தனர். ஏறத்தாழ 5,000 பேர் இலங்கைக்கு வந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் தங்கியது தியத்தலாவையிலேதான். பின்னர் அவ்விடம் படையினரின் பயிற்சிக்களமாயிற்று. பாடசாலைக் 'கடேற்' மாணவர்களும் அங்கே கூடாரமடித்துப் பயின்றதுண்டு.

அதே 1900 ஆம் ஆண்டில் தோட்டத் துரைமாரும் தமக்கென ஒரு றைபிள் படையை அமைத்துக்கொண்டனர். அதில் இடம்பெற்றோர் ஐரோப்பியரே. கொழுந்து பறித்த கைகளுக்கு றைபிள் எட்டாத பொருளாகவே இருந்தது. 1949 இல் அப்படை கலைக்கப்பட்டது. இன்று இவ்விளையாட்டில் குலமும் நிறமும் கேட்பாரில்லை; சித்தம் நிலைத்தவர் எவராயினும் பயிலலாம்.

முற்றுப்புள்ளியே இலக்கு

புதிதாகப் பயில்வோருக்கு ஏற்றது காற்றுத் துப்பாக்கி. இதில் வெடிமருந்து இல்லை. அமுக்கப்பட்ட காற்றே 4.5 மில்லிமீற்றர் பருமனுள்ள சிறு ஈயச் சன்னத்தைத் தள்ளுகின்றது. சுடுபவர் 10 மீற்றர் தூரத்தில் நிற்கிறார். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீற்றர் மாத்திரமே. நாம் எழுதும் முற்றுப்புள்ளியை ஒத்தது. ஒலிம்பிக்கின் முதற்சுற்றில் இதனை 60 முறை சுடவேண்டும். 1984 இல், லொஸ் ஏஞ்சல்சிலே, இப்போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெறத் தொடங்கியது.

பயிற்சியின் படிகள்

முதற் பாடம் சுடுவதன்று, சுடாதிருப்பது. எந்தத் துப்பாக்கியையும் சன்னம் நிறைந்ததாகவே எண்ணவேண்டும். அதன் வாய் இலக்கின் திசையை விட்டு விலகலாகாது. குறிபார்க்கும் வேளை வரும்வரை விரல் விசையைத் தீண்டலாகாது. களத்தின் பொறுப்பாளர் கட்டளையிடுமுன் எவரும் முன்னே செல்லலாகாது. இவ்விதிகளை மீறும் மாணவனை, எத்துணைத் திறமைசாலியாயினும், நல்லாசான் வீட்டுக்கு அனுப்பிவிடுவான்.

அடுத்தது கண். இரு கைகளாலும் ஒரு சிறு துவாரம் அமைத்து, கைகளை நீட்டி, அதனூடே தூரத்துப் பொருளொன்றைப் பாருங்கள். பின்பு கைகளை அசைக்காது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கையில் பொருள் மறையாது தெரிகின்றதோ, அதுவே உங்கள் தலைமைக் கண்.

மூன்றாவது நிலை. துப்பாக்கியின் பாரத்தைத் தசை தாங்கினால் கை நடுங்கும். எலும்பு தாங்கினால் நடுங்காது. ஆகவே இடது முழங்கையை இடுப்பின்மேல் ஊன்றி நிற்கப் பழக்குவர். கண்ணை மூடி, மூச்சுவிட்டு, மீண்டும் திறக்கும்போது குறி விலகியிருந்தால் கையைத் திருப்பலாகாது. பாதங்களையே சற்று நகர்த்தவேண்டும்.

துரோணரின் சோதனையில் அர்ச்சுனன் பறவையின் கண்ணை மட்டுமே கண்டான் என்பது நாம் அறிந்த கதை. இக்கலையிலோ செய்தி சற்று வேறு. துப்பாக்கியின் நுனியிலுள்ள முன்குறியே கண்ணுக்குத் துலக்கமாய்த் தெரியவேண்டும். இலக்கு சிறிது மங்கலாய்த் தெரிந்தாற் போதும். பலனையே உற்று நோக்குபவனுக்குத் தன் கையின் பிழை தெரிவதில்லை அல்லவா?

பின்னர் மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்தவேண்டும். சில விநாடிகளுக்குள் குறி அமையாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்தி, இளைப்பாறி, மீண்டும் தொடங்குவதே முறை. சன்னம் பாய்ந்த பின்னரும் ஒரு கணம் அசையாது நிற்கவேண்டும்.

தொடக்கத்தில் நடுப்புள்ளியைத் தேடி ஏங்க வேண்டியதில்லை. ஐந்து சன்னங்களும் ஓரிடத்திலே நெருங்கி விழுந்தால் அதுவே வெற்றி. அவற்றை நடுவுக்குக் கொண்டுவரக் குறியைத் திருத்தினாற் போதும். சன்னமின்றி விசையை மட்டும் அழுத்திப் பழகுவதும் சிறந்த பயிற்சியே. அதையும் ஆசான் முன்னிலையில் செய்க.

யாருக்கு உரியது?

பெருத்த உடலும் முரட்டு வலிமையும் இங்கே வேண்டப்படுவதில்லை. 1976 இல் மொன்றியலில் ஆடவரோடு சரிநிகராய்ப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றவர் அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் மேர்டொக். ஹங்கேரியரான கரோலி டக்காஸ் 1938 இல் கைக்குண்டு வெடித்து வலக்கையை இழந்தார்; இடக்கையாற் பயின்று, கைத்துப்பாக்கிப் போட்டியில் 1948 இலும் 1952 இலும் தங்கம் வென்றார். கடலூரிற் பிறந்த நம் தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் 2019 இல், ரியோ டி ஜெனீரோவிலே நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் காற்றுத் துப்பாக்கியாலேயே தங்கப் பதக்கம் பெற்றார். 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அவரும் இலங்கையின் தெஹானி எகொடவெலவும் ஒரே போட்டியிற் பங்குகொண்டனர்.

பெற்றோருக்கு ஒரு சொல்

துப்பாக்கியை விலைகொடுத்து வாங்கி வீட்டில் வைப்பது தொடக்கமாகாது. இந்நாட்டில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் உண்டு. அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் வைத்திருத்தல் குற்றம். போட்டித் துப்பாக்கியின் விலையும் தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாதது. பாடசாலைக் கடேற் அணியிலோ, முறையாக அனுமதி பெற்ற சங்கத்திலோ பிள்ளையைச் சேர்த்து, அங்குள்ள கருவியாலேயே பயிலச் செய்தல் வேண்டும். முதல் நாள் நீங்களும் உடன் சென்று, ஆசான் விதிகளை எவ்வளவு கண்டிப்புடன் காக்கிறார் என்பதைப் பாருங்கள். கண்டிப்பில்லாத இடமாயின் பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கோபத்தோடு துப்பாக்கியை எடுத்தவனுக்குக் குறி தவறும். பதற்றத்தோடு எடுத்தவனுக்கும் தவறும். மூச்சையும் மனத்தையும் அடக்கியவனுக்கே அந்தச் சிறு புள்ளி வசப்படும். இத்தனை காலமும் அச்சத்தையே தந்த ஒரு கருவியின் முன் நின்று நம் பிள்ளைகள் அடக்கத்தைக் கற்பார்களாயின், அதனை நாம் ஏன் மறுக்கவேண்டும்?