டீசல் உறைவது ஏன்? குளிர்நிலச் சாலைகளும் நமது செம்பனையும்

ஆயர் ஈத்தாம் என்னும் பெயருக்கு மலாய் மொழியில் கருநீர் என்பது பொருள். ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட், குளுவாங், யோங் பெங் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் கூடும் இடம் இது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் அருகே செல்வதால், இரவும் பகலும் இவ்வூரைக் கடந்து லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இவ்வட்டாரத்தின் மண்பாண்டங்களும், சுற்றியுள்ள தோட்டங்களின் செம்பனை எண்ணெயும், கேமரன் மலையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் காய்கறிகளும் டீசலின் வலிமையாலேயே நகர்கின்றன.

இத்தகைய வெப்ப நிலத்தில் வாழும் மாணவரிடம், குளிரில் டீசல் உறைந்து லாரி நின்றுவிடும் என்று கூறினால், அது எங்கோ தொலைநாட்டுச் செய்தியாகவே தோன்றும். ஆயினும் இச்செய்தி இரண்டு வகையில் நம்மைத் தொடுகின்றது. நம் நாட்டின் முதன்மை விளைபொருளான செம்பனையிலிருந்து எடுக்கப்படும் எரிபொருள், குளிருக்கு எளிதில் இறுகும் இயல்புடையது என்பது ஒன்று. தமிழ் பேசும் ஓட்டுநர் பலர் இன்று குளிர்நிலச் சாலைகளில் வாகனம் செலுத்துகின்றனர் என்பது மற்றொன்று. ஆகவே, டீசல் உறைவது எவ்வாறு, அதைத் தடுப்பது எவ்வாறு, அதனைத் தமிழில் எச்சொற்களால் தெளிவாகச் சொல்லலாம் என்னும் மூன்றையும் இப்பொழிவில் ஆராய்வோம்.

உறைதல் என்னும் சொல்

உறைதல் என்ற வினையைத் தமிழர் இரண்டு வேறு நிகழ்ச்சிகளுக்கு வழங்குகின்றனர். நீர் பனிக்கட்டியாவதும் உறைதல். பால் தயிராவதும் உறைதல். முன்னதில், பொருள் முழுவதும் ஒரே வெப்பநிலையில் திடமாக மாறுகின்றது. பின்னதில், பாலிலுள்ள நீர் நீராகவே இருக்கின்றது. புரதம் நுண்ணிய வலைபோலப் பின்னி, அந்நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கின்றது. தயிரைக் கரண்டியால் கிண்டினால் நீர் பிரிந்து நிற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம்.

டீசல் உறைவது பனிக்கட்டி உறைவது போன்றதன்று. தயிர் உறைவது போன்றது. டீசல் ஒரே பொருள் அன்று. பல நூறு வகையான நீரகக் கரிமங்களின் கலவை. அவற்றுள் நேர்ச்சங்கிலி வடிவுடைய பாரபின்கள், குளிர்ந்தவுடன் மெழுகாகப் பிரியும் தன்மையுடையன. நூறு பங்கு டீசலில் ஓரிரு பங்கு மெழுகு படிகமாகப் பிரிந்தாலே போதும். அப்படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி, எஞ்சிய நீர்ம எரிபொருள் முழுவதையும் அசையாமல் பிடித்துவிடுகின்றன.

அவ்வாறாயின், எண்ணெய் ஆலையிலேயே மெழுகு முழுவதையும் நீக்கிவிடலாகாதா என்று மாணவர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால், டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எரிபொருள் தானே பற்றவேண்டும். அவ்வாறு விரைந்து பற்றுவதில் சிறந்தவை அந்த நேர்ச்சங்கிலிப் பாரபின்களே. டீசலின் எரிதிறனை அளக்க அளவுகோலாகக் கொள்ளப்படும் சீட்டேன் என்பதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. தூய சீட்டேன் ஏறத்தாழ 18 செல்சியஸ் பாகையிலேயே கட்டியாகிவிடும். எனவே, நன்கு எரியும் பகுதியும் எளிதில் உறையும் பகுதியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டிற்கும் இடையே ஓர் அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் எண்ணெய் ஆலையின் பணி.

மூன்று நிலைகள்

குளிரும் டீசலில் மூன்று வெப்பநிலைகளைப் பொறியியலார் அளக்கின்றனர். இவற்றைக் கலங்குநிலை, அடைநிலை, இறுகுநிலை என நாம் வகுப்பறையில் வழங்கலாம்.

தெளிவாக இருந்த டீசலில் முதல் மெழுகுப் படிகங்கள் தோன்றி, நீர்மம் மங்கலாகும் வெப்பநிலை கலங்குநிலை. இந்நிலையில் லாரி இன்னும் ஓடும். வெப்பம் மேலும் குறையும்போது படிகங்கள் வளர்ந்து, எரிபொருள் வடிகட்டியின் துளைகளை மூடுகின்றன. அத்துளைகளின் அகலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே. எரிபொருள் வடிகட்டியைக் கடக்க இயலாமற்போகும் இவ்வெப்பநிலையே அடைநிலை. இதற்கும் கீழே, கலனைச் சாய்த்தாலும் டீசல் அசையாத நிலை இறுகுநிலைக்கு அருகில் வருகின்றது.

இவற்றுள் ஓட்டுநருக்கு முதன்மையானது அடைநிலை. தொட்டியில் டீசல் நீர்மமாகவே தளும்பிக்கொண்டிருக்கும். ஆனால் இயந்திரம் எரிபொருளின்றி நின்றுவிடும். தொட்டியைத் திறந்து பார்த்து, உறையவில்லையே என்று எண்ணுபவர் பழுதை வேறிடத்தில் தேடுவார். தேடவேண்டிய இடம் வடிகட்டியே.

லடாக்கில் நிகழ்வது

இமயமலையின் லடாக் பகுதி இதற்குத் தக்க சான்று. லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே, கார்கில், திராஸ் ஆகிய இடங்களில் குளிர்கால இரவுகளில் வெப்பம் சுழியத்துக்கு மிகக் கீழே இறங்கும். இந்தியத் தர விதிகளின்படி, வழக்கமான டீசலின் அடைநிலை கோடைத் தரத்தில் 18 பாகை வரையிலும் குளிர்காலத் தரத்தில் 6 பாகை வரையிலும் இருக்கலாம். சமவெளிக்கு இது போதும், லடாக்கிற்குப் போதாது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற ஊர்களின் லாரிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. தெற்கே நிரப்பிய எரிபொருளோடு ஒரு லாரி வடக்கின் குளிரை அடைந்தால் என்னாகும் என்பதை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

இந்நிலையை மாற்ற, இந்தியன் ஆயில் நிறுவனம் தனது பானிப்பட் ஆலையில் குளிர்காலத் தனித்தர டீசலை உருவாக்கியது. அதன் இறுகுநிலை சுழியத்துக்குக் கீழ் 33 பாகை. 2019 நவம்பர் 17 அன்று, அன்றைய உள்துறை அமைச்சர் அமித் ஷா அதன் விற்பனையைத் தொடக்கிவைத்தார்.

இத்தகைய எரிபொருள் கிட்டாத இடங்களில் ஓட்டுநர்கள் கையாளும் இரண்டு பழக்கங்கள் கவலைக்குரியன. ஒன்று, டீசலுடன் மண்ணெண்ணெய் கலப்பது. அது மெழுகின் செறிவைக் குறைத்து ஓட்டத்தைக் காக்கும் என்பது உண்மையே. ஆனால், மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு குறைவு. உயரழுத்த எரிபொருள் எக்கியின் நுண்ணிய பாகங்கள் டீசலையே மசகாகக் கொண்டு இயங்குவதால், அளவின்றிக் கலக்கும்போது அவை தேய்ந்து கெடும். மற்றொன்று, துணியையோ விறகையோ கொளுத்தித் தொட்டியின் அடியில் வைப்பது. இதனால் எரிபொருள் குழாய்களும் மின்கம்பிகளும் உருகித் தீப்பற்ற நேரலாம். நீர் உறைந்ததுபோல டீசலும் உறைந்தது, நெருப்பு வைத்தால் உருகும் என்னும் எண்ணமே இப்பழக்கத்திற்கு அடிப்படை. அடைபட்டது வடிகட்டி என்று அறிந்தவர் தொட்டிக்குத் தீயிடமாட்டார். ஒரு சொல்லின் பொருளைச் சரியாக உணர்வது உயிரைக் காக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

நமது செம்பனை

இனி நம் நாட்டிற்கு வருவோம். செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் ஆய்வு மலேசியாவில் 1980களிலேயே தொடங்கியது. தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2006இல் வகுக்கப்பட்டது. 2011இல் 5 விழுக்காட்டுக் கலவை விற்பனைக்கு வந்தது; 2019இல் போக்குவரத்துத் துறைக்குப் பி10 எனப்படும் 10 விழுக்காட்டுக் கலவை நடைமுறையாயிற்று. ஆயர் ஈத்தாம் எண்ணெய் நிலையத்தில் நிரப்பப்படும் டீசலிலும் செம்பனையின் பங்கு உண்டு.

செம்பனை எண்ணெயின் கொழுப்பமிலங்களுள் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம். இது நிறைவுற்ற, நேரான சங்கிலியுடையது. இதிலிருந்து பெறப்படும் மெத்தில் பால்மிட்டேட் ஏறத்தாழ 30 பாகையிலேயே திடமாகும். சங்கிலியில் ஒரு வளைவுடைய ஒலீயிக் அமிலத்திலிருந்து பெறப்படும் மெத்தில் ஒலியேட்டோ, சுழியத்துக்குக் கீழ் 20 பாகை அளவில்தான் திடமாகும். நேரான குச்சிகளை நெருக்கமாக அடுக்கலாம். வளைந்த குச்சிகளை அவ்வாறு அடுக்க இயலாது. மூலக்கூறுகளும் அவ்வாறே. இதனால், கலப்பற்ற செம்பனை டீசல் ஏறத்தாழ 15 பாகையிலேயே ஓட்டத்தை இழக்கின்றது. அதே நிறைவுற்ற இயல்பே அதனை நன்கு எரியவும், நெடுநாள் கெடாமல் இருக்கவும் செய்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

பத்து விழுக்காட்டுக் கலவை கலப்பற்ற செம்பனை டீசலைப்போல விரைந்து இறுகாது. எனினும், கலவையின் அளவு உயர உயர, கலங்குநிலையும் உயரும். 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள கேமரன் மலையின் தானா ராத்தாவில் இரவு வெப்பம் 15 பாகையளவிற்கு இறங்குவது இயல்பு; 1978 பிப்ரவரியில் அங்கு 7.8 பாகை பதிவாகியுள்ளது. கலவை அளவை உயர்த்தும்போதெல்லாம் கேமரன், கெந்திங், சபாவின் குண்டாசாங் போன்ற மலைப்பகுதிகள் தனியே கருதப்பட்டதன் காரணம் இதுவே. காய்கறி ஏற்ற மலையேறும் லாரி, தாழ்நிலத்தில் நிரப்பிய எரிபொருளையே சுமந்து செல்கின்றது என்பதும் எண்ணத்தக்கது. செம்பனை டீசலைக் குளிர்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதற்கும் இவ்வியல்பே தடையாக இருந்தது. ஆகவே, நிறைவுற்ற பகுதியைப் பிரித்தெடுத்து, குளிரைத் தாங்கும் வகையை நம் நாட்டுச் செம்பனை ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

தடுக்கும் வழிகள்

டீசல் உறைந்தபின் மீட்பதைவிட, உறையுமுன் தடுப்பதே எளிது. முதலாவது, செல்லும் இடத்தின் குளிருக்கேற்ற தரத்தை நிரப்புதல். குளிர்நிலத்திற்குச் செல்லும் லாரி, தாழ்நில எரிபொருளைக் குறைவாக வைத்துக்கொண்டு, அங்குக் கிடைக்கும் தரத்தை வழியிலேயே நிரப்பிக்கொள்வது நன்று.

இரண்டாவது, ஓட்டம் பேணும் சேர்மத்தைக் கலத்தல். இது மெழுகைக் கரைப்பதில்லை. படிகங்கள் பெரிதாக வளர்ந்து பின்னிக்கொள்வதையே தடுக்கின்றது. ஆகையால், டீசல் கலங்குவதற்கு முன்பே, வெதுவெதுப்பாக உள்ளபோது கலக்கவேண்டும். படிகங்கள் பின்னியபின் ஊற்றினால் பயன் மிகக் குறைவு. உறை ஊற்றிய பால் தயிரானபின் அதனை மீண்டும் பாலாக்க முயல்வதை ஒக்கும்.

மூன்றாவது, நீரை அகற்றுதல். எரிபொருளில் கலந்த நீர் சுழியம் பாகையில் உண்மையாகவே பனிக்கட்டியாகிக் குழாயை அடைக்கும். உயிரி டீசல் கலந்த எரிபொருள் ஈரத்தை மிகுதியாக ஈர்க்கும். நீர்பிரிப்பானை அவ்வப்போது வடிப்பதும், இரவில் தொட்டியை நிறைவாக வைத்து அதனுள் காற்றின் ஈரம் படியாமல் காப்பதும் தேவை. நான்காவது, வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதலும், கடுங்குளிர் நாடுகளில் வடிகட்டிக்கும் இயந்திரத்திற்கும் மின்வெப்பூட்டி பொருத்துதலும் ஆகும்.

இவற்றையும் மீறி லாரி நின்றுவிட்டால், இயந்திரத்தை மீண்டும் மீண்டும் முடுக்கி மின்கலத்தைத் தீர்த்துவிடலாகாது. இயந்திரம் நின்றால் ஓட்டுநர் அறையின் வெப்பமும் நின்றுவிடும். கடுங்குளிரில் முதலில் காக்கவேண்டியது ஓட்டுநரின் உடலை. பின்னர் வண்டியை வெதுவெதுப்பான இடத்திற்கு இழுத்துச் சென்று, வடிகட்டியை மாற்றி, எரிபொருள் முழுவதும் தெளிந்தபின் இயக்கவேண்டும்.

வகுப்பறையில் ஓர் ஆய்வு

டீசலைத் தொடாமலேயே இவ்வுண்மையை மாணவர் காணலாம். தேங்காய் எண்ணெய், செம்பனைச் சமையல் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகிய மூன்றையும் சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு வைக்கவும். தேங்காய் எண்ணெய் கட்டியாகும். செம்பனை எண்ணெய் கலங்கித் தடிக்கும். நல்லெண்ணெய் பெரும்பாலும் நீர்மமாகவே இருக்கும். கலங்கிய செம்பனை எண்ணெயை மெல்லிய துணியில் ஊற்றினால், அது துணியை எவ்வாறு அடைக்கின்றது என்பதும் புலப்படும். நிறைவுற்ற கொழுப்பு, நிறைவுறாக் கொழுப்பு என்று பாடநூலில் படித்த வேறுபாடு அப்போது கண்முன் நிற்கும்.

வாகனப் பராமரிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் பிறமொழிகளிலேயே அச்சாகின்றன. தமிழ் மட்டும் அறிந்த ஓட்டுநர் சக ஓட்டுநரின் வாய்மொழியையே நம்பவேண்டியிருக்கின்றது. அவ்வாய்மொழியில் தொட்டிக்கு அடியில் மூட்டும் நெருப்பும் அடங்கியுள்ளது. கலங்குநிலை, அடைநிலை, இறுகுநிலை என்னும் மூன்று சொற்களையும், மேற்கூறிய நான்கு வழிகளையும் ஒரு பக்க அளவில் தெளிந்த தமிழில் எழுதி, லாரி நிற்கும் இடங்களில் ஒட்டுவது உயர்நிலை மாணவர்க்கு இயலாத செயல் அன்று. ஆசிரியர்கள் இதனைப் பயிற்சிப் பணியாக அளித்து நெறிப்படுத்துவார்களாயின், அறிவியல் பாடமும் மொழிப்பாடமும் ஒருங்கே பயன் தரும்.