பந்தயக் காரும் குடும்பக் காரும்

இரண்டு பொருள்களை ஒப்பிடப் புகுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: எந்தப் பயனுக்காக ஒப்பிடுகிறோம்? வகுப்பறையில் பல்லாண்டுகள் நான் கூறிவந்த இப்பாடத்தை, முத்தாபுதுப்பேட்டையில் என் இல்லம் தேடி வந்த பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எனக்கே நினைவூட்டினார். அவருடைய சேமிப்பு ஒரு காருக்கே போதும். பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றும் சாண்ட்ரோ ஒன்றும் விலைக்கு வந்திருந்தன. "ஐயா, எதை வாங்கட்டும்?" என்றார்.

சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடைபெற்ற கார்ப் பந்தயங்களைச் சிறுவனாக நின்று கண்டவன் நான். என் மனம் உடனே ஸ்பிட்ஃபயர் பக்கம் சாய்ந்தது. ஆயினும் ஆசிரியன் அல்லவா? கணக்கிட்டே சொல்வோம் என்றேன்.

ஸ்பிட்ஃபயர் 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. நம் வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அது நெருங்கிய உறவு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இருவர் அமரும்படி தாழ்த்திக் கட்டிய வண்டி அது. உயரம் சுமார் 4 அடி. பாரம் தரையை ஒட்டியிருப்பதால் வளைவுகளில் அதிகம் சாயாது. சாண்ட்ரோ 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் உருவாயிற்று. சோழவரத்துக்குப் பின் பந்தயங்கள் இடம் மாறிச் சென்றதும் அவ்வூருக்கே. சாண்ட்ரோவின் உயரம் 5 அடிக்கு மேல், ஐவர் அமரலாம். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியதால் மிஞ்சிய இடம் பயணிகளுக்குக் கிடைத்தது.

இனி ஆற்றல். ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் 1147 கன சென்டிமீட்டர்; 63 குதிரைத்திறன். சாண்ட்ரோவின் எஞ்சின் 999 கன சென்டிமீட்டர். சுமார் 55 குதிரைத்திறன். வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு இரண்டும் ஏறத்தாழ 55! இரட்டைக் கார்புரேட்டர் பூட்டிப் பந்தய வண்டி பெற்ற திறனை, 36 ஆண்டுகளுக்குப் பின் வந்த குடும்ப வண்டி, எரிபொருளைக் கணினியால் அளந்து பீய்ச்சிப் பெற்றுவிடுகிறது.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். தொடக்க கால ஸ்பிட்ஃபயரில் பின்சக்கரங்கள் ஊஞ்சல் போல் ஆடும் அச்சில் அமைந்தவை. விரைவாக வளையும்போது ஓட்டுநர் திடீரென வேகத்தைத் தளர்த்தினால், வெளிப்புறப் பின்சக்கரம் உள்நோக்கி மடங்க, வண்டியின் பின்பகுதி வழுக்கிச் சுழலக்கூடும். தேர்ந்த கைக்கு அது ஒரு சவால். பழகாத கைக்கு ஆபத்து.

இறுதியாக, "தம்பி, உன் தாயாருக்கு முழங்கால் வலி என்றாயே! தரையோடு தாழ்ந்த இருக்கையிலிருந்து அவர் எப்படி எழுவார்?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் தாயாரை அழைத்துக்கொண்டு சாண்ட்ரோவில் வந்தார். அந்த அம்மையார் கதவைத் திறந்து, யார் கையையும் பற்றாமல் இறங்கினார்.

ஸ்பிட்ஃபயர் தாழ்ந்த வண்டி என்று இதனால் எவரும் கொள்ள வேண்டா. அது ஓட்டும் இன்பத்துக்காகப் பிறந்தது. மற்றது உடன் வருவோருக்காகப் பிறந்தது. எனினும், நேயர்களே, ஒன்றை மறைக்க மாட்டேன். விற்றுப்போகுமுன் அந்த ஸ்பிட்ஃபயரை ஒருமுறை பார்த்து வந்திருக்கலாமே என்று இன்றும் எண்ணுகிறேன்.