சொந்த மைதானமும் சங்கத்தின் வறுமையும்



கோடிக்கணக்கில் விலைபெறும் நிலத்துக்கு உரிமையுடைய ஒரு விளையாட்டுச் சங்கம், இரவுக் காவலாளிக்கு மாதச் சம்பளம் கொடுக்க இயலாமல் தவிக்கக் கூடுமோ? "நிலம் உடையவன் எங்ஙனம் வறியவன் ஆவான்?" என்றே உங்களில் பலர் கேட்பீர்கள். அவ்வாறு தவிப்பதும் உண்டு. அஃது ஏன் நேர்கிறது, அதிலிருந்து மீளும் வழி யாது என்பவற்றை இன்று விளக்க விரும்புகின்றேன்.

கூடலூர் முதல் பெரியகுளம் வரை நம் பகுதியில் மாலை வேளையில் பந்து துள்ளாத ஊர் அரிது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகளாக அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தி வருவதை நீங்கள் அறிவீர்கள். படை அணிகளும் வங்கி அணிகளும் ஒரு சிற்றூருக்கு வந்து ஆடுவது எளிய செய்தியன்று. இத்தகைய போட்டி எந்த ஊரில் நடந்தாலும், விளக்கு, தங்குமிடம், உணவு, நடுவர் ஊதியம் எனச் செலவுகள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றைத் தாங்குவது பெரும்பாலும் ஊராரின் நன்கொடையே.

இந்தப் பள்ளத்தாக்கில் நிலத்தின் மதிப்பு எவ்வாறு உயர்ந்துள்ளது என்பதும் உங்களுக்குத் தெரியும். நெல் விளைந்த வயல்களும் தென்னந்தோப்புகளும் வீட்டு மனைகளாக மாறி வருகின்றன. முன்னாளில் ஊருக்கு வெளியே முட்செடியை வெட்டி அமைத்த ஆடுகளம், இன்று கடைவீதிக்கு நடுவே வந்துவிட்டது. நிலத்தின் விலை ஏறியது; சங்கத்தின் பணப்பெட்டியோ நிரம்பவில்லை. முதல் வேறு, வரவு வேறு என்பதே இதற்குக் காரணம். நிலம் முதல், ஆண்டுதோறும் கைக்கு வருவது வரவு. முதல் எவ்வளவு பெரிதாயினும், அதனைக் கொண்டு மின்கட்டணம் செலுத்த இயலாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று ஏக்கர் மைதானமுடைய ஒரு சங்கத்தில் 120 உறுப்பினர். மாதச் சந்தா ரூ. 100. எல்லாரும் செலுத்தினால் ஆண்டுக்கு ரூ. 1,44,000 வரும். போட்டிக்கு ஊரார் தரும் நன்கொடை ரூ. 3,00,000. ஆக மொத்த வரவு ரூ. 4,44,000. இனிச் செலவைக் காண்போம். போட்டிச் செலவு ரூ. 3,60,000, காவலாளிக்கு மாதம் ரூ. 8,000 வீதம் ரூ. 96,000; மின்சாரமும் தண்ணீரும் ரூ. 36,000, வரியும் சுற்றுச்சுவர்ப் பழுதும் ரூ. 60,000. மொத்தம் ரூ. 5,52,000. துண்டு விழுவது ரூ. 1,08,000. இதுவும் 120 பேரும் ஒழுங்காகச் சந்தா செலுத்தினால்தான். எழுபது பேரே செலுத்துவராயின், துண்டு ரூ. 1,68,000 ஆகிவிடும்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஊர்ச் சங்கம் ஒன்றின் கணக்கேட்டைச் சரிபார்த்துத் தரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சந்தா செலுத்தாதோர் எல்லாரும் மனமில்லாதவர்கள் அல்லர் என்பதை அப்போது கண்டேன். கேட்பதற்கு எவரும் வாராமையால் கொடாதிருந்தவர்களே மிகுதி. ஒரு மாணவனிடம் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்து வீடுவீடாக அனுப்பியதும், பாதிக்கு மேற்பட்டோர் பழைய பாக்கியையும் சேர்த்தே செலுத்தினர்.

துண்டு விழும் சங்கத்தின் முன் மூன்று வழிகள் தோன்றும். முதலாவது, நிலத்தை ஈடு வைத்துக் கடன் பெறுவது. மைதானத்தில் விளக்கு அமைக்கக் கடன் வாங்கினால், அவ்விளக்கினால் வரவு பெருகிக் கடன் அடைபடவும் கூடும். காவலாளியின் சம்பளத்துக்குக் கடன் வாங்கினாலோ, அடுத்த ஆண்டு சம்பளமும் வட்டியும் சேர்ந்து நிற்கும்.

இரண்டாவது, சாலையோரப் பகுதியில் கடை கட்டி வாடகைக்கு விடுவது. இது நல்ல வழியே. ஆயினும், மாத வாடகைக்கு விடாமல், பெருந்தொகை வாங்கிக்கொண்டு ஒத்திக்கு விடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. ஒத்திப் பணம் திருப்பித் தரவேண்டிய கடன். அதனை வரவென்று எண்ணிச் செலவிட்டுவிட்டால், வாடகையும் வாராது. கெடு முடியும் நாளில் கொடுக்கப் பணமும் இராது.

மூன்றாவது, நிலத்தையே விற்பது. உங்களில் கணக்கில் வல்லவன் ஒருவன் எழுந்து கேட்கலாம்: "ஐயா, அந்த நிலத்தை மூன்று கோடிக்கு விற்று, ஆறு விழுக்காடு வட்டிக்கு வங்கியில் இட்டால், ஆண்டுக்குப் பதினெட்டு இலட்சம் வருமே! ஒரு இலட்சம் துண்டுக்காக ஏன் கலங்க வேண்டும்?" கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண, நிலத்தை விற்ற ஒரு சங்கத்தின் வரலாற்றைப் பார்ப்போம். அது கடல் கடந்த நாட்டில் உள்ளது.

முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பெற்று, மலையைக் குடைந்து வந்த நீர் நம் பள்ளத்தாக்கை வளப்படுத்தத் தொடங்கிய ஆண்டு 1895. அதே ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டு நகரில் ரக்பி சங்கங்கள் சில கூடி ஒரு முடிவு செய்தன. அச்சங்கங்களின் ஆட்டக்காரர் பலர் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆடச் சென்றால் அன்றைய கூலியை இழப்பர். அந்த இழப்பை ஈடுசெய்யும் உரிமை வேண்டும் என்று கேட்டு, அது மறுக்கப்பட்டமையால் அவை தனியே பிரிந்தன. அப்பிரிவே பின்னர் 'ரக்பி லீக்' எனப் பெயர் பெற்றது. 1906 முதல் அணிக்குப் பதின்மூவர் ஆடும் ஆட்டமாக அஃது அமைந்தது.

இவற்றுள் ஒன்று, லீட்ஸ் நகரத்தின் தென்பகுதியைச் சேர்ந்த ஹன்ஸ்லெட் சங்கம். தொழிலாளர் நிறைந்த அப்பகுதியில் 1888ஆம் ஆண்டு முதல் பார்க்சைடு என்பது அதன் மைதானம். 1907-08 பருவத்தில், அந்நாளில் வெல்லக்கூடிய நான்கு கோப்பைகளையும் ஒருங்கே வென்ற முதற்சங்கம் என்ற புகழை அது பெற்றது. 1965இல் வெம்பிளி அரங்கில் நடந்த சேலஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் விகன் அணியிடம் 16க்கு 20 என்ற கணக்கில் போராடித் தோற்றது. ஆனால் அக்காலத்திலேயே பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, சங்கத்தைத் தாங்கிய குடும்பங்கள் வேறிடங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தன. பார்ப்போர் குறைந்தனர், நுழைவுக் கட்டணம் குறைந்தது, ஆடுகளத்தைப் பேணும் செலவு மட்டும் குறையவில்லை. முடிவில் பார்க்சைடு விற்கப்பட்டது. ஏற்ற வேறு மைதானம் கிட்டாமையால் 1973இல் சங்கமே கலைக்கப்பட்டது. விற்ற பணம் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பணம் பெற்றவர்கள் பங்குதாரர்கள். மைதானத்தை இழந்தவர்களோ, பங்கே இல்லாமல் வாரந்தோறும் வந்து குரல் கொடுத்த தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளுமே. முன்னாள் ஆட்டக்காரர் ஜெப் கன்னி முதலானோர் முயன்று, அதே ஆண்டில் 'நியூ ஹன்ஸ்லெட்' என்னும் பெயரில் சங்கத்தை மீண்டும் தொடங்கினர். புதிய சங்கத்துக்குச் சொந்த இடமில்லை. முதலில் நாய்ப்பந்தயத் திடலொன்றில் ஆடியது. 1995இல்தான் தெற்கு லீட்ஸ் அரங்கில் அதற்கு ஒரு நிலையான இருப்பிடம் வாய்த்தது. ஒரு கையெழுத்தில் போன மைதானத்துக்கு மாற்றிடம் காண இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின!

பதினெட்டு இலட்சம் வட்டி கேட்ட மாணவனுக்கு இதுவே விடை. நிலத்தை விற்ற சங்கத்தின் கையில் வட்டி இருக்கும். ஆட இடம் இராது. நகர் வளர வளர, மற்றொரு மூன்று ஏக்கரை அதே விலைக்கு வாங்கவும் இயலாது. விதைநெல்லைக் குத்திச் சமைத்தால் அன்றைய பசி தீரும் என்பது மெய்யே. அடுத்த போகத்துக்கு வயல் காத்துக்கிடக்கும்போது எதை விதைப்பது?

பங்குதாரர் கூட்டுநிறுவனத்துக்கும், பொதுநலச் சங்கத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம், கலைக்கப்பட்ட சங்கத்தின் எஞ்சிய சொத்தை உறுப்பினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாகாது என்றும், அது வேறொரு சங்கத்துக்கே செல்ல வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாட்டில் 1975இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டவும், வரவுசெலவுக் கணக்கைப் பதிவாளரிடம் அளிக்கவும் அது சங்கங்களைப் பணிக்கிறது. இவ்விதிகளைத் தொல்லை என்று கருதுவோர் உண்டு. நான் அவற்றை மைதானத்தின் வேலி என்றே கருதுகின்றேன். கணக்கு எல்லார்க்கும் தெரிந்த சங்கத்தில் நிலம் ஒருவரும் அறியாமல் கைமாறுவது கடினம்.

இனி, நம் கற்பனைச் சங்கத்தைக் கரையேற்றுவோம். சந்தாவை ரூ. 150 ஆக உயர்த்தி, 120 பேரிடமும் தவறாமல் பெற்றால் ரூ. 2,16,000. நன்கொடையுடன் வரவு ரூ. 5,16,000. குறைவது ரூ. 36,000. சாலையோரத்தில் ஒரே ஒரு கடையை மாதம் ரூ. 3,000 வாடகைக்கு விட்டால் அந்த ரூ. 36,000மும் வந்துவிடுகிறது. ஒரு சாண் நிலமும் விற்கவில்லை, கடனும் இல்லை. பத்து ரூபாய் மிகினும் அதனைச் சுவர்ப்பழுது நிதியாக ஒதுக்கிவைக்கும் வழக்கம் ஏற்பட்டால், எதிர்பாராத மழைக்கும் அச்சங்கம் அஞ்ச வேண்டியதில்லை.

மாணவர்களே, இன்று நீங்கள் ஆடுகளத்தில் நிற்கின்றீர்கள். இன்னும் பதினைந்து ஆண்டுகளில் உங்களில் சிலர் இத்தகைய சங்கங்களின் செயலாளராகவும் பொருளாளராகவும் அமர்வீர்கள். மனை வணிகர் ஒருவர் கனிவான சொற்களோடு உங்களைக் காண வருவார். அன்று அவருக்கு மறுமொழி கூற, ஒழுங்காக எழுதிய கணக்கேடும் பாக்கியின்றி வாங்கிய சந்தாவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அவை இருந்தால், "விற்பதற்கு இல்லை" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். நம் முன்னோர் முள்ளை வெட்டி உண்டாக்கித் தந்த களத்தில், உங்கள் பிள்ளைகளும் ஓடியாடட்டும்.