செருகியில் உட்காரும், எழுந்து ஓடாது

1995இல் வெளியான ‘டாய் ஸ்டோரி’ படத்தின் காட்சிகளைக் கணித்து உருவாக்க, பிக்ஸார் நிறுவனம் 117 கணினிகளை இரவு பகலாக ஓட்டியது. அத்தனையும் சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் 20. பீட்சா டப்பா மாதிரி தட்டையான பெட்டி. அவற்றில் 87 பெட்டிகளில் இரண்டு செயலிகள், 30 பெட்டிகளில் நான்கு. மொத்தம் 294.

பெட்டி ஒன்றே, செயலி எண்ணிக்கை மட்டும் எப்படி மாறியது? அந்தப் பெட்டியில் செயலி மதர்போர்டில் நிரந்தரமாகப் பற்றவைக்கப்படவில்லை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தனி அட்டையில் ஏறி வந்து, ‘எம்பஸ்’ என்ற செருகியில் உட்கார்ந்தது. பெட்டிக்கு இரண்டு செருகிகள்; அட்டைக்கு ஒரு செயலி அல்லது இரண்டு.

1991இல் வந்த சன் 600எம்பி சர்வர்களில் தொடங்கிய ஏற்பாடு இது. செருகி பொதுவானது என்பதால் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த சூப்பர்ஸ்பார்க்கும் அதில் உட்காரும். ஆஸ்டின் நகரின் ராஸ் டெக்னாலஜி தயாரித்த ஹைப்பர்ஸ்பார்க்கும் உட்காரும். இன்று இந்தப் பழைய பெட்டிகளைத் தேடி வாங்கி உயிரூட்டுகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். அட்டை கச்சிதமாகப் பொருந்துகிறது. சுவிட்சைப் போட்டால் கணினி எழுந்திருப்பதில்லை, அல்லது எதிர்பார்த்த வேகத்தில் ஓடுவதில்லை.

முதல் சிக்கல் வேகம். செயலிகளையும் நினைவகத்தையும் இணைக்கும் எம்பஸ் பாதை ஸ்பார்க்ஸ்டேஷன் 20இல் 50 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடியது. அதற்கு முந்தைய ஸ்பார்க்ஸ்டேஷன் 10இல் அதிகபட்சம் 40. எஸ்எம்50 என்ற சூப்பர்ஸ்பார்க் அட்டையில் வெளிக் கேஷ், அதாவது நினைவகத்தின் நகலைச் செயலிக்கு அருகில் வைக்கும் இடம், கிடையாது. அதன் செயலி நேரடியாகப் பாதையின் தாளத்துக்கே அடி வைக்கும். ஆகவே பெயரில் 50 இருந்தாலும், பழைய பெட்டியில் செருகினால் அது 40இல்தான் ஓடும். எஸ்எம்51, எஸ்எம்61 போன்ற அட்டைகள் வேறு ரகம். அவற்றில் 1 எம்பி கேஷும் அதை நிர்வகிக்கத் தனிச் சில்லும் உண்டு. அந்தச் சில் நடுவில் நிற்பதால் பாதை 40இல் போனாலும் செயலி 50இலோ 60இலோ போகலாம்.

இரண்டாவது சிக்கல்தான் ஆழமானது. ஒரே பேரேட்டை இரண்டு கணக்குப்பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் பேரேட்டைப் புரட்டினால் நேரமாகும் என்று, வேண்டிய பக்கத்தை இருவரும் தனித்தனியே நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் நகலில் ஒரு தொகையைத் திருத்தினால் மற்றவர் கையில் இருப்பது பொய்க்கணக்கு. பேரேடு நினைவகம் என்றால், நகல்தான் கேஷ். எம்பஸ் இதற்கு ஒரு நடைமுறை வைத்திருந்தது. ஒவ்வொரு செயலியும் பாதையில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்டபடியே இருக்கும். தன்னிடமுள்ள ஒவ்வொரு நகலுக்கும் ஐந்தில் ஒரு நிலையைக் குறித்து வைக்கும்: திருத்தியது, திருத்தினாலும் பிறருக்குத் தருவது, என்னிடம் மட்டுமே உள்ளது, பலரிடம் உள்ளது, செல்லாதது. அடுத்தவர் திருத்தப் போகிறார் என்று கேட்டதும் தன் நகலைச் செல்லாததாக்கிவிடும்.

எஸ்எம்50இல் இந்த வேலை முழுவதையும் செயலியே பார்க்கிறது. எஸ்எம்51இல் அந்தப் பொறுப்பு இடையில் நிற்கும் கேஷ் சில்லுடையது. கணக்கு எழுதும் முறையே வேறு. ஆகவே வெளிக் கேஷ் உள்ளதையும் இல்லாததையும் ஒரே பெட்டியில் கலக்காதே என்பது பாலபாடம். சூப்பர்ஸ்பார்க்குக்குப் பக்கத்தில் ஹைப்பர்ஸ்பார்க்கை உட்கார வைப்பதும் கூடாது.

மூன்றாவது, ஃபர்ம்வேர். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிக்கும் ஓபன்பூட் என்ற நிரல் மதர்போர்டில் ஒரு சில்லில் இருக்கிறது. தனக்குப் பின்னால் பிறந்த செயலியை அதற்கு அடையாளம் தெரியாது. ஹைப்பர்ஸ்பார்க் அட்டை வேண்டுமென்றால் 2.25ஆர் பதிப்புச் சில்லைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். இதெல்லாம் சரியானாலும் இடப் பிரச்சினை இருக்கிறது. இரட்டைச் செயலி அட்டைகளில் சில அகலமானவை. பக்கத்திலுள்ள, பிற கூடுதல் அட்டைகளுக்கான எஸ்பஸ் செருகிகளின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தட்டையான பெட்டிக்குள் நான்கு செயலிகளின் சூடு வேறு.

பழகியவர்கள் ஒவ்வொரு அட்டையையும் தனியாகச் செருகி ஓட்டிப் பார்த்த பிறகே ஜோடி சேர்ப்பார்கள். ‘ஓகே’ என்று திரை காத்திருக்கும்போது ‘மாட்யூல்-இன்ஃபோ’ என்று தட்டினால் பாதையின் வேகத்தையும் ஒவ்வொரு செயலியின் வேகத்தையும் கணினியே சொல்லிவிடும். கடிகாரமும் அடையாள எண்ணும் அழிந்துபோனதாகத் திரை புலம்பினால் அட்டையைக் குறை சொல்ல வேண்டாம். அவற்றைக் காக்கும் சில்லுக்குள்ளேயே பேட்டரி புதைந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் அது தீர்ந்திருக்கும்.

பெட்டி புதிதாக வந்திறங்கிய நாளில் வாங்கியவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எந்த அட்டைக்கு எது ஜோடி, எந்தப் பதிப்பு ஃபர்ம்வேர் என்று பார்த்துச் சேர்க்க ஆலையில் ஆள் இருந்தார். இன்று அட்டை ஒரு நாட்டிலிருந்தும் பெட்டி இன்னொரு நாட்டிலிருந்தும் வருகின்றன. செருகி அன்றைக்கு இருந்த அதே செருகிதான். ஜோடி பார்த்த அந்த ஆளின் வேலையைத்தான் இப்போது வாங்குகிறவர் செய்ய வேண்டியிருக்கிறது.