பெட்ரோல் டாங்குக்கு ஒரு கவசம்

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரின் பெயரை நீங்கள் அறிவீர்கள்; பெரிய தொலைநோக்கிகள் இருக்கும் ஊர் அல்லவா? ஆலங்காயத்திலிருந்து அவ்வழியே ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு ஜீப் செல்வதாக வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் பட்டுத் தெறிக்கும் கற்கள் வண்டியின் அடிப்பகுதியில்தான் மோதுகின்றன. பல வண்டிகளில் பெட்ரோல் டாங்க் இருப்பதும் அங்கேதான்!

கூடுதல் பெட்ரோல் கொள்ள வேண்டும் என்று சிலர் பட்டறையில் தகட்டால் பெரிய டாங்க் செய்து பொருத்திக்கொள்வதுண்டு. டாங்க் ஒழுகாமல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அது எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பெரிய கம்பெனி ஒன்றே இதில் தவறியிருக்கிறது.

அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி 1970இல் 'பின்டோ' என்ற சிறிய காரை வெளியிட்டது. அதன் டாங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்புறம் வேறொரு வண்டி மோதியபோது டாங்க் முன்னே தள்ளப்பட்டு, அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பெட்டியின் போல்ட்டுகள் அதைக் கிழித்தன. தீயில் உயிர்கள் பலியாயின. 1978இல் ஏறத்தாழ 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. செய்த திருத்தம் என்ன தெரியுமா? டாங்குக்கும் போல்ட்டுகளுக்கும் இடையே ஒரு பாலிஎத்திலீன் தகடு. பெட்ரோல் ஊற்றும் குழாயில் சற்றுக் கூடுதல் நீளம். அவ்வளவுதான்!

சிறு கிழிசல் ஏன் இத்தனை ஆபத்தானது? பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு அதிலிருந்து ஆவி கிளம்பும். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு சுமார் 1.4 முதல் 7.6 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அது காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். 'காலி' டாங்கை வெல்டிங் செய்வது பேராபத்தாவதும் இதனால்தான்: பெட்ரோல் தீர்ந்தாலும் ஆவி தீர்வதில்லை.

டாங்கைக் காப்பது எப்படி? அது இரு சக்கரங்களுக்கு இடையே, அச்சுக்கு முன்புறம் இருப்பது நல்லது. கல்லடியைத் தாங்க அடியில் உறுதியான தகடு வேண்டும். நீர் தேங்கித் துருப்பிடிக்காதிருக்க அத்தகட்டில் துளைகள் வேண்டும். பட்டை உராயுமிடத்தில் ரப்பர் வைக்க வேண்டும். சூடான புகைக்குழாய் விலகியே இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் அலைபாயாதிருக்க உள்ளே தடுப்புகள் தேவை. காற்றுக்குழாயில், வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு தேவை. 1964இல் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் இரு வீரர்கள் தீக்கு இரையான பிறகு, எளிதில் கிழியாத ரப்பர்ப் பை பந்தயக் கார்களின் டாங்குக்குள் இடம்பெற்றது.

இத்தனையும் பட்டறைக் கணக்கில் அடங்குமா? எனவேதான் வண்டியை விருப்பப்படி மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஓடும் வண்டிக்குள் பெட்ரோல் நெடி அடித்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சொல்லி, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆவியை முதலில் கண்டுபிடிக்கும் கருவி உங்கள் மூக்குதான்!