காதுக்கு ஆக்சிஜன்: 2 வாரக் கெடுவும் பூட்டிக்கொள்ளும் குழாயும்

திடீரெனக் காது கேட்காமல் போனவர்களுக்கு அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சை பற்றி இரண்டு விதமான கடிதங்கள் வருகின்றன. ‘கேட்கும் திறன் திரும்புமா?’ என்று ஒரு சாரார். ‘உள்ளே போனால் காது கிழியும் என்கிறார்களே?’ என்று மறு சாரார்.

முதல் சாராருக்குக் காத்திருக்க நேரமில்லை. அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவக் கழகம் 2019இல் புதுப்பித்த நெறிமுறைப்படி, ஸ்டீராய்டுடன் சேர்த்து இதைத் தொடங்க 2 வாரம்தான் கெடு. மருந்து பலிக்காதபோது கடைசி முயற்சியாக 1 மாதம் வரை. அதுவும் கட்டாயமல்ல, தரலாம் என்ற அளவில்தான். ‘அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே பலருக்குச் செவித்திறன் ஓரளவு திரும்பிவிடும் என்பதையும் சொல்வதில்லை.

மறு சாராரின் பயத்தைக் கையேடுகள் ‘லேசான அசௌகரியம்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. இந்தச் சிகிச்சையில் மிக அதிகமாக நேரும் பாதிப்பே நடுச்செவிக் காயம்தான்.

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் சாதாரணமாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போது அண்ணத்துத் தசை இழுக்க, ஒரு கணம் திறக்கும். காற்று வெளியேற எளிதில் வழிவிடும் குழாய் அது. உள்ளே போகத்தான் தசையின் தயவு வேண்டும். அதனால் அறையின் அழுத்தம் இறங்கும்போது பெரும்பாலும் சிக்கலில்லை, ஏறும்போதுதான் ஆபத்து. நடுச்செவியைவிட வெளியழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம் கூடிவிட்டால், அந்த அழுத்தமே குழாயின் வாயை நசுக்கிப் பூட்டிவிடும். பிறகு எத்தனை முறை விழுங்கினாலும் தசையால் திறக்க முடியாது. 2.4 வளிமண்டல அழுத்தத்தை எட்ட 1,000 மி.மீ.க்கு மேல் ஏற வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு ஏறுவதற்குள்ளேயே, விழுங்காமல் படுத்திருப்பவரின் காது பூட்டிக்கொள்ளும். செவிப்பறை உள்வாங்கும், நடுச்செவியில் நீரும் ரத்தமும் கோக்கும், பறை கிழியவும் கூடும்.

என்னைக் கலங்கவைப்பது இதற்கு அடுத்த கட்டம். வலி வந்த பிறகு சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக முக்குகிறார்கள். பூட்டிய குழாய் திறக்காது. ஆனால் அந்த முக்கலில் மண்டைக்குள் ஏறும் அழுத்தம் உட்செவிவரை போய், அங்குள்ள மெல்லிய சவ்வைக் கிழிக்கலாம். அரிதுதான், ஆனால் செவித்திறனைத் தேடி வந்தவர் மிச்சமிருப்பதையும் இழக்கும் வழி இது. அறையின் அழுத்தம் ஏறத் தொடங்கியதுமே, வலிக்குக் காத்திராமல், விழுங்கிக்கொண்டே இருங்கள். காது அடைத்தால் உடனே கையை உயர்த்துங்கள். இயக்குபவர் ஏற்றத்தை நிறுத்திச் சற்று இறக்கினால்தான் பூட்டு விடும். ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் இடத்தில் படுக்காதீர்கள்.

பல மாதமாகக் கேட்காத காதுக்கு, நாள்பட்ட இரைச்சலுக்கு? பயன் உண்டென்று நம்பத்தக்க சான்று இல்லை.

சளி பிடித்திருந்தால்? மருத்துவரிடம் சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

நினைவிழந்தவருக்கு? விழுங்க முடியாதென்பதால் செவிப்பறையில் சிறு துளையிட வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை காது மந்தமாக இருந்தால்? நடுச்செவியில் தங்கிய ஆக்சிஜனைத் தூக்கத்தில் திசுக்கள் உறிஞ்சியிருக்கும். சில முறை விழுங்கினால் பெரும்பாலும் விலகும்.

‘மென்மையானது’ என்று விற்கப்படும் 1.3 வளிமண்டல அறைகள்? செவித்திறன் மீட்புக்குப் பரிந்துரைக்கப்படும் அழுத்தம் 2 முதல் 2.5 வரை, இவை அதை எட்டுவதில்லை. ஆனால் இவற்றிலும் 200 மி.மீ.க்கு மேல் அழுத்தம் ஏறுகிறது. காது பூட்டிக்கொள்ள அதில் பாதி போதும்.