பூண்டுக்கு எவ்வளவு இடைவெளி, எவ்வளவு யூரியா?

மதுரைக் கடைகளில் நாம் தேடி வாங்கும் மலைப்பூண்டு, கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் விளைகிறது. புவிசார் குறியீடு பெற்ற பயிர் இது. பூண்டு திரளக் குளிர் வேண்டும். மதுரைச் சமவெளியின் வெப்பத்தில் தாள் நன்றாக வளர்ந்தாலும், பல் பிரிந்த முழுப் பூண்டு கிடைப்பது அரிது. குளிர் வாய்த்த மலையிலோ, விளைச்சலைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் நடவு இடைவெளியும் தழைச்சத்தும்தான்.

இடைவெளி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை 15க்கு 10 சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 66 செடிகள் நிற்கும். 10க்கு 10 என்று நெருக்கினால் 100 செடிகள். அப்போது மொத்த எடை கூடலாம். ஆனால் வெயிலையும் நீரையும் சத்தையும் பங்குபோட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு பூண்டும் சிறுத்துவிடும். சந்தையில் நல்ல விலை பெரிய பூண்டுக்கே. விதைச் செலவும் ஏறும்: ஏக்கருக்கு 200 முதல் 240 கிலோ விதைப்பூண்டு போதுமான இடத்தில் ஒன்றரை மடங்கு தேவைப்படும். அதற்காக மிகவும் தள்ளி நட்டாலும் நட்டம்தான். பூண்டு பெருக்கும், ஆனால் செடி குறையும், வெற்றிடத்தில் களை மண்டும்.

தழைச்சத்து

பூண்டின் பருமனுக்கு முதலீடு அதன் இலைகள். இலை தயாரிக்கும் உணவே பின்னர் பல்லில் சேர்கிறது. எனவே தழைச்சத்து இலை வளரும் பருவத்தில் கிடைக்க வேண்டும். எக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்தில் 40 கிலோவை அடியுரமாகவும், 35 கிலோவை நட்ட 45ஆம் நாள் மேலுரமாகவும் இடச் சொல்வது இதனால்தான். மலைச்சரிவில் மழை யூரியாவைக் கரைத்து அடித்துச் செல்லும் என்பதாலும் பிரித்து இடுவது நல்லது. அந்த மேலுரம் ஏக்கருக்குச் சுமார் 31 கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை ஒன்றுகூட முழுதாகத் தேவையில்லை.

பூண்டு திரளத் தொடங்கிய பின் யூரியா போட்டால் செடி மறுபடி இலைவிடப் பார்க்கும். முதிர்ச்சி தள்ளிப்போகும், கழுத்து தடிக்கும், பக்கத் தளிர்கள் கிளம்பும். அப்படி அறுத்த பூண்டு சரியாகக் காயாமல் இருப்பில் அழுகும்.

இரண்டையும் சேர்த்தே பாருங்கள்

நெருக்கி நட்ட வயலில் பூண்டு சிறுத்தால் கூடுதல் யூரியா அதைச் சரிசெய்யாது. அங்கே பற்றாக்குறை இடமும் வெளிச்சமும். சமவெளியில் சின்ன வெங்காயம் போடுவோருக்கும் இதே கணக்கு பொருந்தும். 45 சென்டிமீட்டர் பார்களின் இருபுறமும் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டு, எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து அடியுரமாகவும் இன்னொரு 30 கிலோ 30ஆம் நாளும் இடுங்கள். மேலுரத்தை அந்த நாளோடு நிறுத்துங்கள். மிஞ்சும் பணத்தில் தரமான விதைக்காய் வாங்குங்கள்.